செவ்வியல் ஜப்பானியத்தின் 'மு' வடிவமும் தமிழின் 'செய்கு' வாய்பாடும்: உட்கோள் உணர்த்தும் முறை குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

செவ்வியல் ஜப்பானிய மொழியில் பேசுவோன் தன் உட்கோளை உணர்த்தப் பயன்படும் துணைவினைகளுள் தலைமையானது 'மு' ஆகும். இவ்வடிவம் தன்மையிடத்து உட்கோளையும் படர்க்கையிடத்து உய்த்துணர்வையும் தரும். தமிழ் இலக்கண மரபு இவ்வேறுபாட்டை இடம் உணர்த்தும் ஈறுகளிலேயே வைத்துள்ளது. தொல்காப்பியம் தனித்து எடுத்துரைக்கும் 'செய்கு' என்னும் தன்மை ஒருமை முற்றின் இயல்பையும் 'மு தோ ஸு' என்னும் ஜப்பானியத் தொடரமைப்பையும் ஒருங்கு வைத்து நோக்கும் இக்கட்டுரை, 'மு' வடிவத்தைத் தமிழின் 'உம்' ஈற்றோடு ஒலியளவில் இணைத்தல் பொருந்தாது என்பதையும், பொருளளவில் அதற்கு அணுக்கமாக நிற்பவை தன்மை எதிர்கால முற்றுகளே என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உட்கோள், உய்த்துணர்வு, தன்மை முற்று, செய்கு, மு, வியங்கோள், செய்யும் என் முற்று.

முன்னுரை

தமிழ் – ஜப்பானிய ஒப்பாய்வு தமிழாய்வு உலகிற்குப் புதியதன்று. கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளுக்கும் இடையிலான ஒலி இயைபுகளை 1980இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் தமிழகத்தில் பொற்கோ அவர்களும் ஈழத்தில் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் அவ்வாய்வில் பங்கேற்றனர். தென்சென்னைப் புறநகரான செம்மஞ்சேரியில் ஆசியவியல் நிறுவனம் அமைந்ததில் ஜி. ஜான் சாமுவேல் அவர்களோடு ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிக்கோசக்காவிற்கும் பங்குண்டு. ஓனோவின் கருதுகோளைக் கமில் சுவலபில் 1985இல் தனிக்கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். ஜப்பானில் முராயாமா ஷிச்சிரோ கடுமையாக மறுத்தார். ஓனோவும் பிற்காலத்தில் நேரடியான இனவுறவு என்பதை விடுத்து மொழிக்கலப்பு என்னும் விளக்கத்தை நோக்கி நகர்ந்தார்.

இவ்விவாதம் பெரிதும் சொற்பட்டியல்களைச் சுற்றியே நிகழ்ந்தது. ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல், ஓர் ஈற்றுக்கு ஈடாக மற்றோர் ஈறு என்று அடுக்கும் முறையில் அவ்வீறு எவ்விடத்து வரும், எவ்விடத்து வாராது என்னும் வினா பின்தள்ளப்பட்டது. தமிழ் இலக்கணிகள் முதலில் கேட்டது இவ்வினாவையே. 'செய்யும்' என்னும் முற்று எவ்விடங்களுக்கு உரியது, வியங்கோள் எவ்விடத்தோடு நிலைபெறாது என்றெல்லாம் வரையறுத்த மரபு நம்முடையது. அவ்வரையறைகளைக் கையில் கொண்டு செவ்வியல் ஜப்பானியத்தின் உட்கோள் வடிவங்களை அணுகினால் என்ன தெளிவு பிறக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவிற்கு இன்று ஒரு நடைமுறைத் தேவையும் உண்டு. ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதிகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகியபின் தாம்பரம் முதலான புறநகர்களில் ஜப்பானிய மொழி பயிலும் இளைஞர் பலர். அவர்கள் தொடக்க நிலையிலேயே 'இக்கோ' (போகலாம், போவோம்) என்னும் வடிவத்தைக் கற்கின்றனர். அவ்வடிவத்தின் முன்னோடியே இங்கு ஆராயப்படும் 'மு'. 'யுக்கமு' என்பது 'யுக்கன்' எனத் திரிந்து, 'யுக்கௌ' ஆகி, 'யுக்கோ', 'இக்கோ' என நின்றது. ஜப்பானியச் சொற்கள் இக்கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. இடையில் வரும் ஒலிப்பிலா வல்லினம் இரட்டித்து எழுதப்பட்டுள்ளது. 'பெஷி', 'பய' என்பவற்றின் முதலொலியைப் 'பஸ்' என்பதிற்போல ஒலித்தல் வேண்டும். எடுத்துக்காட்டுத் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

'மு' வடிவத்தின் அமைப்பு

ஜப்பானிய மரபிலக்கணம் வினையடிகளுக்கு ஆறு வடிவங்களைக் கூறும். அவற்றுள் முதலாவது 'மிஸென்கெய்'. இதற்கு 'இன்னும் அவ்வாறு ஆகாத வடிவம்' என்பது பொருள். 'யுக்கு' (செல்) என்னும் வினைக்கு இவ்வடிவம் 'யுக்க'. இது தனித்து நில்லாது. துணைவினை ஒன்றையோ இடைச்சொல் ஒன்றையோ ஏற்றே வரும். எதிர்மறை 'ஸு', உட்கோள் 'மு', எதிர்மறை உட்கோள் 'ஜி', தன் விருப்பம் உணர்த்தும் 'பய', பிறர்மேல் வைக்கும் விருப்பம் உணர்த்தும் 'நமு' ஆகியவை இவ்வடிவத்தோடு சேர்வன. நிகழாதவை, நிகழவேண்டியவை, நிகழும் எனக் கருதப்படுபவை ஆகியவற்றுள் பெரும்பாலன ஒரே வடிவத்தின்மேல் ஏறி வருகின்றன. நிகழ்ந்ததும் நிகழாததும் என்னும் இருபாற் பகுப்பே இம்மொழியில் முக்காலப் பகுப்பினும் ஆழமாக வேரூன்றியுள்ளது எனலாம்.

பள்ளி இலக்கணங்கள் 'மு' வடிவத்திற்கு ஆறு பொருள் கூறும்: உய்த்துணர்வு, உட்கோள், உடனழைப்பு, எடுகோள், மென்மொழி, தகவு. ஜப்பானிய மாணவர் இவ்வாறின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தர்ப்பூசணியை மாற்றச் சொல்லும் பொருளற்ற தொடர் ஒன்றாக மனனம் செய்வர். நம் மாணவர் விகுதிகளை அடுக்கி ஒப்பிப்பதற்கு இது சளைத்ததன்று. ஆனால் ஆறு பொருள்களை ஒரே வரிசையில் அடுக்குவதால் அவற்றிற்கு இடையேயுள்ள உறவு மறைந்துபோகிறது. தேர்ந்த ஆசிரியர்கள் அப்பட்டியலோடு ஒரு குறிப்பையும் சேர்ப்பர்: எழுவாய் தன்மையாயின் உட்கோள், முன்னிலையாயின் உடனழைப்பு அல்லது தகவு, படர்க்கையாயின் உய்த்துணர்வு, பெயரைத் தழுவி நிற்பின் எடுகோள் அல்லது மென்மொழி.

'வரெ யுக்கமு' என்பது 'யான் செல்வேன்'. 'ஹன ஸக்கமு' என்பது 'பூ மலரும், மலரக்கூடும்'. 'இஸ யுக்கமு' என்பது 'வா, செல்வோம்'. 'கொமு ஹித்தொ' என்பது 'வரக்கூடிய ஆள், வருவாராயின் அவர்'. நான்கிலும் வடிவம் ஒன்றே. வேறுபாட்டைச் செய்வது இடமும் தொடரில் அது நிற்கும் நிலையுமாகும்.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷுவை எழுதியோர் சீன எழுத்துகளைக் கொண்டே ஜப்பானியத்தை எழுதினர். அவர்கள் 'மு' வரும் இடங்கள் சிலவற்றில் அதன் ஒலியை எழுதாது, 'செய்யவிருத்தல்' என்னும் பொருளுடைய சீன எழுத்து ஒன்றை வினைக்கு முன் இட்டனர். படிப்போர் அதனை 'மு' எனப் படித்துக்கொள்ள வேண்டும். எழுதியோர் இவ்வடிவத்தைப் பொருளால் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு இஃது ஒரு நேர்ச்சான்று.

இடமும் பொருளும்: தமிழ்நோக்கு

ஜப்பானிய வினை இடத்தையும் பாலையும் எண்ணையும் காட்டாது. எனவே 'யுக்கமு' என்னும் சொல்லைத் தனியே கண்டால் அதன் பொருளைத் துணிய இயலாது. தமிழ் வினைமுற்று இம்மூன்றையும் ஈற்றிலேயே காட்டிவிடுகிறது. இவ்வேறுபாடு அறியப்பட்டதே. ஆயினும் அதனால் விளையும் ஒன்று போதிய கவனம் பெறவில்லை. தமிழிலும் எதிர்காலம் எனப்படுவது இடத்திற்கேற்பப் பொருள் மாறும் இயல்புடையது. ஈறு வேறுபடுவதால் அம்மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

'நாளை வருவேன்' என்பவன் ஒரு நிகழ்ச்சியை முன்னறிவிக்கவில்லை. ஓர் உறுதியைத் தருகிறான். வாராதொழிந்தால் அவன் சொல் தவறினான் என்போம். 'நாளை மழை வரும்' என்றவனிடம் மழை வாராதபோது நாம் அவ்வாறு கேட்பதில்லை. அவன் கணிப்புப் பிழைத்தது என்று விடுவோம். 'இந்நேரம் வண்டி தாம்பரத்தைக் கடந்திருக்கும்' என்னும் பேச்சுத்தொடரில் எதிர்காலம் என்பதே இல்லை. முடிந்த ஒன்றைக் குறித்த உய்த்துணர்வே உள்ளது. 'அவன் இப்போது வீட்டில் இருப்பான்' என்பதும் அத்தகையதே. செவ்வியல் ஜப்பானியம் இவற்றிற்கெனத் தனிவடிவங்களைக் கொண்டது: கண்முன் இல்லாத நிகழ்காலத்தை உய்த்துணர 'ரமு', இறந்தகாலத்தை உய்த்துணர 'கெமு'. இரண்டிலும் 'மு' உள்ளமை வெளிப்படை. இவை உட்கோளைத் தருவதில்லை. நடந்துகொண்டிருப்பதையும் நடந்து முடிந்ததையும் இனிச் செய்வேன் என்று எவரும் உளங்கொள்ள இயலாதாகலின், 'மு' தன் இருபொருளுள் ஒன்றை அங்கே இழந்துவிடுகிறது.

இத்தகைய இடவழிப் பகுப்பு இவ்விரு மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. கொரிய மொழியின் 'கெட்' என்னும் இடைநிலையும் தன்மையில் உட்கோளையும் படர்க்கையில் உய்த்துணர்வையும் தரும். எனவே இவ்வொற்றுமையைக் கொண்டு இனவுறவை நிறுவ முயல்தல் கூடாது.

'செய்கு' வாய்பாடும் 'மு தோ ஸு' அமைப்பும்

தொல்காப்பியம் தன்மை ஒருமைக்கு ஏழு ஈறுகளைக் கூறும்: குற்றியலுகரத்தோடு கூடிய கு, டு, து, று என்னும் நான்கும், என், ஏன், அல் என்னும் மூன்றும் ஆகும். இவற்றைக் கூறிய அடுத்த நூற்பாவிலேயே, 'செய்கு' என்பது வேறொரு வினையைக் கொண்டு முடியினும் தன் இயல்பில் திரியாது என்று ஆசிரியர் விதிக்கிறார். ஒரு முற்று வினையொடு முடிதல் விந்தையானது. வினையொடு முடிவது எச்சத்தின் தொழில். 'காண்கு வந்தேன்' என்னுந் தொடரில் 'காண்கு' என்பது 'காணும்பொருட்டு' என்னும் எச்சப்பொருளில் நிற்பதுபோல் தோன்றினும் அது முற்றே என்பது விதியின் கருத்து. புறநானூற்றில் வேந்தனைக் காணவந்தோர் தம் வருகையைக் கூறும் இடங்களில் இவ்வமைப்பு வருதலைப் பயின்றோர் அறிவர்.

ஏழு ஈறுகளுள் 'கு' ஈற்றை மட்டும் இவ்விதிக்கு உரியதாக்கியது ஏன்? தொல்காப்பியம் காரணம் கூறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூல் இவ்வீறுகளின் காலத்தைப் பகுத்துரைக்கையில் ஒரு குறிப்பு கிட்டுகிறது. அதன்படி 'டு' இறந்தகாலம் காட்டும், 'து', 'று' ஆகியவை இறப்பும் எதிர்வும் காட்டும் ('வந்து யான்', 'வருது யான்', 'சென்று யான்', 'சேறு யான்'), 'கு' எதிர்வு ஒன்றையே காட்டும். இந்நால்வகை ஈறுகளுள் எதிர்வுக்கு மட்டுமே உரியது 'கு'. பிற்கால நூலின் பகுப்பை முற்கால நூலின்மேல் ஏற்றுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் இரு நூல்களின் கூற்றும் ஒரே திசையைக் காட்டுவதால், தன்மையில் நின்று எதிர்வு ஒன்றையே காட்டும் முற்று, பேசுவோனின் உட்கோளையே உணர்த்தும் என்றும், அவ்வுட்கோளே அவனது மற்றொரு வினைக்கு நோக்கமாய் அமைய வல்லது என்றும் கொள்ள இடமுண்டு.

'காண்கு வந்தேன்' என்பதில் இரு முற்றுகள் உள்ளன. 'காண்கு' என்பது உள்ளத்துள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. 'வந்தேன்' என்பது கேட்போனுக்குச் சொல்வது. இடையே 'என' என்னும் இணைப்புச்சொல் இல்லை. 'காண்பேன் என வந்தேன்' என்று விரித்தால் தொடரின் உள்ளமைப்பு விளங்கும். எச்சம் என்று கொண்டிருப்பின், 'காணிய வந்தேன்' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லையாகும். 'காணிய' என்பது நோக்கத்தைப் புறத்தே நின்று கூறும். அது 'காணிய வந்தான்' எனப் படர்க்கைக்கும் பொருந்தும். 'காண்கு வந்தான்' என்பதோ அமையாது. 'காண்கு' என்பதனுள் பேசுவோன் குரல் கலந்துள்ளது. அதன் இயல்பு திரியாது என்ற விதி அக்குரலையே காக்கிறது என்று கருதுகிறேன்.

ஜப்பானியத்தில் இதே இணைப்பிடம் வேறொரு வகையில் வரலாறு கொண்டது. 'யுக்கமு தோ ஸு' என்னும் தொடரில் 'தோ' என்பது நம் 'என' என்பதற்கு நிகரான மேற்கோள் இடைச்சொல். 'ஸு' என்பது 'செய்'. தொடர் முழுவதும் 'செல்வேன் எனச் செய்' என்று நின்று, 'செல்ல முற்படு', 'செல்லவிரு' என்னும் பொருளைத் தரும். 'யுக்கமு தோ ஒமொஃபு' என்றால் 'செல்வேன் என எண்ணு'. நாளடைவில் 'தோ' தேய்ந்து 'மு', 'ஸு' இரண்டும் ஒட்டி 'முஸு' என்னும் ஒரே துணைவினை ஆயிற்று. அது 'மு' தரும் பொருள்களையே தரும்.

இத்தேய்வைக் கண்டித்த குரல் ஒன்று பதிவாகியுள்ளது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய அரசவையில் பணியாற்றிய ஸெய் ஷோனகொன், 'தலையணைக் குறிப்புகள்' எனப் பெயர்பெறும் தம் நூலில், 'தோ' என்பதை விழுங்கி இவ்வாறு பேசுவோரைத் தாழ்வாக மதிப்பிடுகிறார். உரையாசிரியர்கள் ஈறுகளின் வழக்கை ஆராய்ந்த பொறுமை அவரிடம் இல்லை, எரிச்சலே உள்ளது. எனினும் மொழியாய்வாளர்க்கு அவ்வெரிச்சல் அரிய சான்று. உட்கோளைக் கூறும் முற்றுக்கும் அதைத் தாங்கும் வினைக்கும் இடையே மேற்கோள் சொல் ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் உணர்வும், அது மறைந்துகொண்டிருந்த நிலையும் அதனால் தெரியவருகின்றன. தமிழில் 'என' மறைந்த அமைப்பு இலக்கண விதியாகவே ஏற்கப்பட்டது. ஜப்பானியத்தில் கொச்சை எனக் கருதப்பட்டுப் பின் வழக்காயிற்று.

இன்றைய தமிழில் 'செய்கு' வழக்கொழிந்தது, இணைப்பிடம் ஒழியவில்லை. 'ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறேன்' என்கிறோம். 'போகலாம்' என்பது தனித்து நிற்பின் உடனழைப்பு அல்லது இசைவு. 'என்று இருக்கிறேன்' சேர்ந்தவுடன் அது பேசுவோனின் உட்கோளாகிறது. இக்கால ஜப்பானியரும் 'இக்கோ தோ ஒமொத்தெ இமஸு' என்கின்றனர்; 'போகலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்பதே அதன் சொல்லுக்குச் சொல்லான தமிழ். தனித்து நிற்கும் 'இக்கோ' உடனழைப்பே. தாம்பரத்து மாணவர் ஒருவருக்கு இவ்வடிவத்தைக் கற்பிக்க ஆங்கிலத்தின் வழியே சுற்றிச்செல்ல வேண்டியதில்லை.

உடனழைப்பும் உளப்பாட்டுத் தன்மையும்

உட்கோள் எவ்வாறு உடனழைப்பாகிறது என்பதைப் பள்ளி இலக்கணப் பட்டியல் விளக்காது. தமிழ் இலக்கணம் விளக்கும். தன்மைப் பன்மை ஈறுகளை அது உளப்பாட்டின் அடிப்படையில் பகுக்கிறது. நன்னூலின்படி அம், ஆம் என்பவை முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரையும் உளப்படுத்தும். கும், டும், தும், றும் என்பவை இரு சாராரையும் உளப்படுத்தும். 'சேறும்' என்று ஒருவன் கூறுகையில் கேட்போனும் அவ்வுட்கோளுக்குள் அடங்குகிறான். கேட்போனைக் கேளாமலேயே அவனையும் சேர்த்துக்கொண்டு கூறிய உட்கோள் அது. ஆகவே அது அழைப்பாகிறது. 'இஸ யுக்கமு' என்பதிலும் நிகழ்வது இதுவே. ஜப்பானியத்தில் உளப்பாட்டைக் காட்டும் ஈறு இல்லாமையால், கேட்போனைத் தட்டி எழுப்பும் 'இஸ' என்னும் சொல் அப்பணியை மேற்கொள்கிறது. எனவே ஆறு பொருள்களுள் மூன்றாவதாக எண்ணப்படும் உடனழைப்பு தனிப்பொருள் அன்று. உளப்பாட்டுத் தன்மையில் நின்ற உட்கோளே ஆகும்.

'பெஷி' என்னும் துணைவினையையும் இங்குச் சுட்டுதல் தகும். இதற்கும் உட்கோள் ஒரு பொருளாகக் கூறப்படும். ஆயின் 'மு' உணர்த்துவது பேசுவோன் உள்ளத்தில் தோன்றியது. 'பெஷி' உணர்த்துவது நெறியாலோ காரணத்தாலோ உறுதிப்பட்டது. 'யுக்குபெஷி' என்பது தன்மையில் 'செல்வேன்' ஆவதினும் 'செல்லற்பாலேன்' ஆவதே பொருத்தம். தமிழின் பால், தகு, வேண்டு என்பவை துணைநிற்கும் அமைப்புகள் இதற்கு இயைந்தவை.

எதிர்மறை உட்கோள்

இதுகாறும் கண்ட இடங்களில் தமிழ் நுண்ணிதாகப் பகுக்க ஜப்பானியம் சூழலிடம் விட்டது. எதிர்மறையில் நிலை மாறுகிறது. 'யுக்கஸு' என்பது வெறும் எதிர்மறை: செல்லாமை. 'யுக்கஜி' என்பது 'மு' வடிவத்தின் எதிர்மறை: தன்மையில் 'செல்லமாட்டேன்' என்னும் மறுப்புட்கோள், படர்க்கையில் 'செல்லான் போலும்' என்னும் உய்த்துணர்வு. 'பெஷி' என்பதன் எதிர்மறையாக 'மஜி' உள்ளது.

பழந்தமிழ்ச் 'செல்லேன்' என்பது இவ்வேறுபாடுகளைக் காட்டாது. எதிர்மறை முக்காலத்திற்கும் பொது என்பதே நன்னூலின் கருத்து. 'உண்ணேன்' என்பவன் வழக்கமாக உண்பதில்லை என்கிறானா, இப்போது உண்ண மறுக்கிறானா என்பதைச் சூழலே சொல்லவேண்டும். இக்காலத் தமிழ் 'உண்பதில்லை', 'உண்ணமாட்டேன்' என இரண்டாகப் பிரித்துக்கொண்டது. 'மாட்டு' என்னும் வினை முன்னர் ஆற்றலின்மை உணர்த்தியது. பின்னர் மறுப்புட்கோளுக்கு உரியதாயிற்று. இம்மாற்றத்தின் படிநிலைகளைக் கல்வெட்டுகளையும் இடைக்கால உரைநடையையும் கொண்டு விரிவாக ஆராய இடமுண்டு. அது தனியாய்வுக்கு உரியது.

தன் விருப்பமும் பிறர்மேல் வைக்கும் விருப்பமும்

'யுக்கபய' என்பது 'யான் செல்லவேண்டும் என விழைகிறேன்'. 'யுக்கநமு' என்பது 'அவர் செல்க'. முன்னது தன்வினை குறித்த விருப்பம். பின்னது பிறர்வினை அல்லது இயற்கை நிகழ்ச்சி குறித்த வேட்கை. ஜப்பானிய வினை இடம் காட்டாதது என்று மேலே கூறினோம். விருப்பத்தைக் கூறும்போது மட்டும் தான், பிறர் என்னும் பகுப்பை அது இடைச்சொல்லால் காட்டுகிறது.

தமிழில் பின்னதற்கு ஒத்தது வியங்கோள். தொல்காப்பியம் வியங்கோள் தன்மை, முன்னிலை ஆகிய இரண்டிடத்தும் நிலைபெறாது என்று கூறிப் படர்க்கைக்கே அதனை உரியதாக்கும். 'நிலைபெறாது' என்பதை 'அறவே வாராது' எனக் கொள்ளாமல் 'சிறுபான்மை வரும்' எனக் கொண்டு, தன்மையில் வரும் எடுத்துக்காட்டுகளையும் உரையாசிரியர்கள் தந்தனர். நன்னூலோ இடம், பால் எங்கும் அது இயலும் என்றது. இருநூல் முரணாக நாம் இதுவரை படித்துவந்த இவ்விடத்தைச் செவ்வியல் ஜப்பானியத்தின் துணையோடு நோக்கினால், தொல்காப்பியர் வியங்கோளைப் 'பிறர்மேல் வைக்கும் விருப்பம்' எனக் கண்டார் என்பது இன்னும் தெளிவாகிறது. தன்மேல் வைக்கும் விருப்பம் உட்கோளோடு நெருங்கியதாதலின், அதற்குத் தன்மை எதிர்வு முற்றுகளே போதுமானவை.

'மஹொஷி' என்னும் விழைவு வடிவத்தின் பிறப்பும் இங்குக் கருதத்தக்கது. 'மு' வடிவத்தைப் பெயராக்கிய 'மக்கு' என்பதோடு 'ஹொஷி' (வேண்டியது) சேர்ந்து 'மக்கு ஹொஷி' என நின்று, பின் 'மஹொஷி' ஆயிற்று. தமிழின் 'செயல் வேண்டும்' என்பதும் தொழிற்பெயரோடு 'வேண்டும்' சேர்ந்த அமைப்பே. வேறுபாடு ஒன்றுண்டு: தமிழில் பெயராவது வினை, ஜப்பானியத்தில் பெயராவது உட்கோள் ஏறிய வினை.

'உம்', 'மு' ஒலியொப்புமை

ஓனோ தமிழ் 'உம்' இடைச்சொல்லை ஜப்பானிய 'மோ' இடைச்சொல்லோடு இணைத்தார். 'அவனும்' என்பதில் வரும் 'உம்' அது. இரண்டும் பொருளாலும் இயைவதால் அவ்வொப்பீடு இன்றும் பலரை ஈர்க்கிறது. அந்த ஈர்ப்பில், வினையீற்றில் வரும் 'உம்' என்பதையும் (செய்யும்) ஜப்பானிய 'மு' வடிவத்தையும் இணைத்துவிடுதல் எளிது. ஒலி நெருக்கம் உண்டு. இரண்டும் எதிர்வை உணர்த்தும். இரண்டும் முற்றாகவும் பெயரைத் தழுவியும் வரும். ஒப்பீட்டுப் பட்டியலுக்கு இவை போதும்.

இடம் குறித்த வினாவை எழுப்பினால் இவ்வொப்பீடு தடைப்படுகிறது. 'செய்யும்' என் முற்று பல்லோர் படர்க்கையிலும் முன்னிலையிலும் தன்மையிலும் வாராது என்பது தொல்காப்பிய விதி. அஃதாவது, 'மு' எவ்விடத்தில் உட்கோளை உணர்த்துமோ அவ்விடத்தில் 'செய்யும்' வருவதே இல்லை. 'மு' வடிவத்தின் இரு பெரும்பொருளுள் உய்த்துணர்வு ஒன்றுக்கே 'செய்யும்' இணையாகும். இவ்விடத்தில் கும், டும், தும், றும் என்னும் தன்மைப் பன்மை ஈறுகளை எடுத்துக்காட்டி, அவற்றுள் 'உம்' உள்ளதே எனலாம். ஆனால் அங்கு எதிர்வை உணர்த்துவது 'உம்' அன்று. 'செய்கு' ஒருமை, 'செய்கும்' பன்மை என நிற்பதால் 'உம்' பன்மை உணர்த்தவே சேர்ந்தது. உட்கோள் 'கு' என்பதனோடு முன்னரே வந்துவிட்டது. ஓரீற்றின் ஒலியை மட்டும் நோக்கி அதன் ஆட்சிப்பரப்பை நோக்காத ஒப்பீடு, தமிழ் இலக்கணிகள் வரைந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டே முன்செல்ல வேண்டியிருக்கும்.

இதனால் தமிழ் – ஜப்பானிய உறவுக் கருதுகோள் முழுவதும் வீழ்ந்தது என்பது பொருளன்று. நிலைநின்றது என்பதும் அன்று. இந்த ஓர் இணையைச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதே கூறப்படுவது.

மொழிபெயர்ப்பில் விளைவு

பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை குறித்து எழுதியபோது ஆங்கில இதழொன்றின் வழியாகவே அதனை அறிந்தார். அதன்பின் தமிழில் வந்த ஜப்பானியப் பாடல்களில் பெரும்பாலானவை ஆங்கில வழியே வந்தன. ஆங்கிலம் எழுவாயைக் கட்டாயமாகக் கேட்கும் மொழி. 'யமநி யுக்கமு' என்னும் தொடர் ஆங்கிலத்தில் நுழையும்போதே 'நான்', 'நாம்', 'அவர்' என்பவற்றுள் ஒன்றைப் பெற்றுவிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் பெறுவது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட ஒன்றை. மூலத்தை நேரே காண்பவருக்கு 'மலைக்குச் செல்கு', 'மலைக்குச் சேறும்', 'மலைக்குச் செல்வார் போலும்' என்னும் மூன்றும் திறந்திருக்கும். தமிழ் வினையும் இடத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும் எனினும், பெயரைச் சுட்டாமல் ஈற்றளவில் தேர்ந்து நிறுத்திக்கொள்ள இயலும். மூலத்தின் அடக்கத்திற்கு அது சற்றே அணுக்கமானது.

இழப்பு மிகுதியாக நேர்வது 'நமு' வரும் இடங்களில். 'ஸக்கநமு' என்பதில் 'மிஸென்கெய்' வடிவத்தோடு 'நமு' சேர்ந்துள்ளது. 'பூ மலர்க' என்னும் வேட்கை அது. 'ஸக்கிநமு' என்பதில் வினைதொடர் வடிவத்தோடு முற்றுப்பேறு உணர்த்தும் 'நு' என்பதன் திரிபும் 'மு' வடிவமும் சேர்ந்துள்ளன; 'பூ மலர்ந்தேவிடும்' என்னும் உறுதியான உய்த்துணர்வு அது. தன்மை எழுவாயோடு வருமாயின் இவ்விரண்டாம் அமைப்பு 'செய்தே தீர்வேன்' என்னும் வலிய உட்கோளைத் தரும். ஜப்பானியத் தேர்வுகளில் மாணவரைச் சோதிக்க இவ்விணையையே முன்வைப்பர். முதலாவதற்கு வியங்கோளும், இரண்டாவதற்குத் தேற்றேகாரத்தோடு கூடிய 'விடு' துணைவினையும் தமிழில் ஆயத்தமாக உள்ளன. செய்யுள் நடை வேண்டுவோர் 'மலர்க' என்றும் 'மலர்தல் ஒருதலை' என்றும் பெயர்க்கலாம்.